வானொலிக்குப் பணமில்லையாம்!

1925ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் கொழும்பிலே முறையான வானொலி ஒலிபரப்புத் தொடங்கிற்று. அதன் நூற்றாண்டு நிறைவுக்கு மூன்று வாரமும் இல்லாத வேளையில், 2025 நவம்பர் இறுதியில், டித்வாப் புயல் இந்நாட்டைத் தாக்கிற்று. நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மிகக் கொடிய அடி விழுந்த மாவட்டங்களுள் நம் பதுளையும் ஒன்று. மலைகள் சரிந்தன, பாதைகள் அறுந்தன, பதுளைக்கு வரும் புகையிரதப் பாதை சிதைந்தது, மின்சாரம் நின்றது, கைத்தொலைபேசிகள் ஊமையாயின. லயத்திலே இருளில் குந்தியிருந்த குடும்பத்துக்கு அடுத்த மலையில் என்ன நடக்கிறதென்று தெரியவில்லை. எச்சரிக்கைகள் தமிழில் உரிய வேளையில் வந்து சேரவில்லை என்ற முறைப்பாடு மலைநாடெங்கும் எழுந்தது.

நாம் கேட்கிறோம்: நூறு ஆண்டுக் காலம் வானொலி நடத்திய ஒரு நாட்டினால், “மலை அசைகிறது, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியேறுங்கள்” என்ற ஒரு வாக்கியத்தை அந்த மலையிலே வாழும் மக்களின் மொழியிலே, மலை சரிவதற்கு முன்னே சொல்ல முடியாதா? முடியாதென்றால் அது கருவியின் குற்றமன்று. கருவியை இயக்குவோரை வைத்துக் காக்காதவர்களின் குற்றம்.

இந்தப் பாடம் கண்ணெதிரே கிடக்கையிலே, வரவு செலவுத் திட்டக் காலம் வரும்போதெல்லாம் கொழும்பிலே ஒரு பல்லவி பாடப்படுகிறது. “அரச ஒலிபரப்பு நிறுவனங்கள் நட்டத்தில் ஓடுகின்றன. திறைசேரி எதற்காக அவற்றுக்குப் பணம் கொட்ட வேண்டும்? தனியார் வானொலிகள் பத்து இருக்கின்றன. எல்லோர் கையிலும் தொலைபேசி இருக்கிறது. இந்த வெள்ளை யானையை இனியும் கட்டித் தீனி போட வேண்டுமா?” 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தோடு உடன்பாடு ஏற்பட்டு, அரச நிறுவனங்களின் நட்டத்தைக் குறைத்தல் நாட்டின் கொள்கையாக ஆன பின்னர் இப்பல்லவியின் சுருதி ஏறியிருக்கிறது.

வீண்செலவை ஒழிக்க வேண்டாமென்று நாம் கூறவில்லை. வரி கட்டும் மருத்துவரும் ஆசிரியரும் கணக்காளரும் நம் வாசகர்களே. உரத்துக்கும் விதைக்கும் கடன்படும் விவசாயியும் நம் வாசகனே. அவர்களுடைய ஒரு சதமேனும் வீணாவதை நாம் விரும்போம். ஆனால் வீண்செலவு என்பது வேறு. பொதுச் சேவை என்பது வேறு. இரண்டையும் ஒரே பேரேட்டில், ஒரே சிவப்பு மையினால் எழுதுவதைத்தான் நாம் மறுக்கிறோம்.

பதுளைப் பெரியாஸ்பத்திரி சென்ற ஆண்டு எவ்வளவு இலாபம் காட்டிற்று? ஹப்புத்தளைத் தபாற்கந்தோர் பங்குலாபம் பகிர்ந்ததா? பசறையிலும் மடுல்சீமையிலும் உள்ள பாடசாலைகளின் வருமானம் யாது? இப்படி எவரும் கேட்பதில்லை. கேட்டால் ஊர் சிரிக்கும். ஆஸ்பத்திரியின் இலாபம் பிழைத்தெழுந்து வீடு திரும்பும் நோயாளி. வானொலியின் இலாபம் வேளைக்குச் செய்தி கேட்டு உயிரும் உடைமையும் காத்துக்கொண்ட குடும்பம். இது திறைசேரியின் கணக்கேட்டில் ஏறாது. ஏறாத காரணத்தால் அது இல்லையென்று ஆகிவிடுமா?

தனியார் வானொலிகள் இருக்கின்றனவே என்பார்க்கு நம் விடை இது. அவை மீது நமக்குப் பகையில்லை. அவற்றிலே நல்ல குரல்கள் உண்டு. அவற்றின் தொடக்க காலக் கலைஞர்களிற் பலர் அரச வானொலியிலே பயின்று வந்தவர்களே. ஆயினும் தனியார் வானொலி விளம்பரத்தால் வாழ்கிறது. விளம்பரம் பணப்பையைத் தேடிச் செல்வது. கொழும்பிலே வாகனத்தில் செல்பவனின் காதுக்குள்ள விலை, லுணுகலைத் தோட்டத்திலே கொழுந்துக் கூடை சுமப்பவளின் காதுக்கு இல்லை.

ஓர் உதாரணம் காட்டுவோம். 2025 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டத்திலே தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2026 ஜனவரி முதல் 1,750 ரூபா என்று அறிவிக்கப்பட்டது. தலைப்புச் செய்தி அவ்வளவே. ஆனால் அந்த 1,750இல் அடிப்படைச் சம்பளம் 1,550. மீதி 200 வேலைக்கு வந்தால் அரசாங்கம் தரும் வருகைக் கொடுப்பனவு. எது உரிமை, எது நிபந்தனைக்கு உட்பட்டது, சம்பளச் சீட்டிலே எதனை எங்கே தேட வேண்டும் என்பதைத் தொழிலாளிக்கு அரைமணி நேரம் நிதானமாக எடுத்துரைக்க எந்தச் சவர்க்காரக் கம்பனி பணம் தரும்? இதனைச் சொல்ல வேண்டியது பொதுமக்கள் பணத்தில் இயங்கும் வானொலியே.

தொலைபேசி இருக்கிறதே என்பார் டித்வாவை மறந்தவர். கோபுரத்துக்கு மின்சாரம் போனால் தொலைபேசி வெறும் கண்ணாடித் துண்டு. இரண்டு மின்கலம் போட்ட சிறு வானொலிப் பெட்டியோ கார் இருளிலும் பேசும். மலைக்கு அப்பால் எங்கோ ஓர் ஒலிபரப்பு நிலையம் உயிரோடிருந்தால் போதும். எழுத்தறியாத முதியவளுக்கும் அது பேசும். தரவு அட்டை வாங்கச் சொல்லாது. ஒரு பெட்டி ஒலித்தால் லயம் முழுவதும் கேட்கும். இந்தக் காலத்திலும் பெரும் அழிவுகளின்போது வல்லரசுகள்கூட வானொலியைக் கைவிடாமைக்குக் காரணம் இதுவே.

கொஸ்லாந்தை மீரியபெத்தையை நாம் மறக்க முடியுமா? 2014ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் காலை, வேலைக்கும் பள்ளிக்கும் புறப்பட்ட நேரத்திலே மலை இறங்கி லயங்களை விழுங்கிற்று. அந்த நிலம் ஆபத்தானதென்று 2005இலும் 2011இலும் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்ததாகப் பின்னர்தான் நாடு பேசிற்று. வானொலி ஒன்று மட்டும் அந்த மக்களைக் காப்பாற்றியிருக்கும் என்று நாம் கூறவில்லை; செல்வதற்கு நிலமும் வீடும் இல்லாதவனுக்கு எச்சரிக்கை மட்டும் போதாது. ஆனால் அந்த எச்சரிக்கை ஆண்டுதோறும் தமிழிலே ஒலித்திருந்தால், அதிகாரிகளை நிறுத்தி வைத்து “மாற்று நிலம் எங்கே?” என்று கேட்கும் ஒரு நிகழ்ச்சி பதுளையிலிருந்து வாரந்தோறும் நடந்திருந்தால், ஒன்பது ஆண்டுகள் அந்தக் கோப்பு அலுமாரியிலே உறங்கியிருக்குமா? மக்கள் காதிலே விழாத எச்சரிக்கை காகிதத்துக்குச் செய்த எச்சரிக்கை.

விவசாயிகளுக்கும் ஒரு சொல். வெலிமடையிலும் ஊவாப் பரணகமையிலும் உருளைக்கிழங்கும் கறிமிளகாயும் போடுபவர், லயத்தருகே கால் ஏக்கரில் கோவா நடுபவர், எல்லோரும் கெப்பெட்டிப்பொல பொருளாதார மத்திய நிலையத்துக்கு மூட்டை ஏற்றுவோரே. பேலியகொடையிலும் தம்புள்ளையிலும் அன்று காலை என்ன விலை என்று அறிந்தவன் பேரம் பேசுவான், அறியாதவன் தலையாட்டுவான். தமிழகத்திலே 1960களில் ஆடுதுறை 27 என்ற புதிய நெல்லைத் தஞ்சை உழவர் ‘ரேடியோ நெல்’ என்றே அழைத்தனர். திருச்சி வானொலியின் பண்ணை நிகழ்ச்சிகளைக் கேட்டு அதனைப் பயிரிட்டமையால் வந்த பெயர் அது. ஒரு நிலையம் ஒரு மாவட்டத்தின் வயலையே மாற்றியது. அந்த ஒலிபரப்புக்கு விளம்பர வருமானம் எவ்வளவு என்று கேட்டிருந்தால் அந்த நெல் முளைத்திருக்காது.

நம் நாட்டுக்கும் இவ்வழி தெரியாததன்று. 1980களில் மகாவலிக் குடியேற்றங்களுக்கெனச் சமூக வானொலி அமைக்கப்பட்டது. நம் பதுளை மாவட்டத்தின் கிராந்துருக்கோட்டையிலும் ஒரு நிலையம் எழுந்தது. 2003இல் ஊவா சமூக வானொலி தொடங்கப்பட்டது. புதிதாகக் குடியேறிய உழவனுக்கு வானொலி வேண்டுமென்று அறிந்த அரசு, ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக இம்மலைகளை உழைத்து வளமாக்கிய தோட்ட மக்களுக்கு அதே அளவு அக்கறையைக் காட்டிற்றா என்பதே நம் கேள்வி. 2020இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது தொலைபேசியும் இணையமும் இல்லாத பிள்ளைகளை எண்ணி அரச தொலைக்காட்சியிலே பாடங்கள் நடத்தப்பட்டன. தமிழ்ப் பிள்ளைகளுக்கும் நடத்தப்பட்டன. நட்டக் கணக்குப் பார்த்து அந்த அலைவரிசைகளை முன்னரே மூடியிருந்தால் அந்தப் பாடங்கள் எங்கிருந்து வந்திருக்கும்?

இனி, நம் நண்பர் சிலரே எழுப்பும் வலிய மறுப்புக்கு வருவோம். “அரச வானொலி யாருடைய வானொலி? ஆளுங் கட்சி மாறினால் செய்தியின் சுருதியும் மாறும். அமைச்சரின் நாடா வெட்டல் முதற் செய்தி. தோட்டத்தின் வேலைநிறுத்தம் செய்தியே அன்று. இத்தகைய ஊதுகுழலுக்கு நம் பணம் எதற்கு?” என்கிறார்கள்.

இக்குற்றச்சாட்டை நாம் மறைக்கவில்லை. எந்தக் கட்சி ஆண்டாலும் இந்த நோய் தீரவில்லை. 1966ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டத்தின் வழியே, 1967 ஜனவரி 5இல் இலங்கை வானொலி கூட்டுத்தாபனமாக ஆயிற்று. பெயரளவில் சுதந்திர நிறுவனம்; ஆனால் அதன் சபையை நியமிப்பவர் அமைச்சர். வேர் அங்கே இருக்கிறது. வேரை விட்டுவிட்டு மரத்தை வெட்டுவது வைத்தியமா? மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியவன் கதையாக அன்றோ முடியும்! ஊதுகுழலாக இருப்பதைப் பொதுமக்கள் குரலாக்கு என்று கேட்பது நம் உரிமை. குரலையே அறுத்துவிடு என்று கேட்பது ஊதியவனுக்கும் வசதியே. அவனுக்கு வேறு குழல்கள் கிடைக்கும். நமக்குத்தான் வேறு கிடையாது.

இது நம் ஆசை மட்டுமன்று. நாட்டின் சட்டமும் இப்படித்தான் பேசியிருக்கிறது. அரச வானொலியிலே நடந்துவந்த முறைசாராக் கல்வி நிகழ்ச்சியொன்று திடீரென நிறுத்தப்பட்டபோது, அந்நிகழ்ச்சியிலே பங்குகொண்டு வந்த நேயர் ஒருவர் உச்ச நீதிமன்றம் சென்றார். 1996இல் நீதியரசர் மார்க் பெர்னாண்டோ தீர்ப்பளித்து, பங்குகொள்ளும் நேயரின் பேச்சுச் சுதந்திரம் மீறப்பட்டதென்று கூறினார். ஒரு நேயன் வெறும் காது அல்லன். உரிமையுள்ள குடிமகன் என்பதே அதன் பொருள். 1997இல் ஒலிபரப்பு அதிகாரசபை மசோதாவை ஆராய்ந்த அதே நீதிமன்றம், அலைவரிசைகள் பொதுச் சொத்து என்றும், அரசு அவற்றின் நம்பிக்கைப் பொறுப்பாளரே என்றும் வகுத்துரைத்தது. நமுனுகுலை மலைக்கு மேலே பரவும் காற்றலையிலே ஸ்பிரிங்வெலித் தோட்டத்துத் தொழிலாளிக்கும் பங்குண்டு. பொறுப்பாளர் சொத்தைக் காக்க வேண்டியவர். கைகழுவ அதிகாரம் உடையவர் அல்லர்.

உலகத்தைப் பார்ப்போம். கடன் நெருக்கடியில் சிக்கிய கிரேக்க நாடு 2013 ஜூன் 11ஆம் நாள் தன் அரச ஒலிபரப்பு நிலையத்தை ஒரே இரவில் மூடிற்று. சிக்கனம் என்பதே காரணம் காட்டப்பட்டது. மக்கள் கொதித்தெழுந்தனர். சரியாக இரண்டாண்டு கழித்து, 2015 ஜூன் 11இல், அந்நிலையம் மீண்டும் திறக்கப்பட்டது. மூடுவது ஓர் இரவு வேலை, திறக்க ஈராண்டு! அமெரிக்காவிலே, நம் கூட்டுத்தாபனம் தோன்றிய அதே 1967இல் பொது ஒலிபரப்புச் சட்டம் இயற்றப்பட்டு, 1,500 அளவிலான உள்ளூர் நிலையங்களுக்கு மத்திய அரசின் உதவி சென்றுகொண்டிருந்தது. 2025 ஜூலையில் அந்நாட்டுச் சட்டமன்றம் 110 கோடி டொலரைத் திருப்பி எடுத்துக்கொண்டது. அந்த நிதியைப் பகிர்ந்தளித்த நிறுவனம் தன் பணியை முடித்துக்கொள்வதாக அடுத்த மாதமே அறிவித்தது. அடி யார் மீது விழுந்தது? நியூயோர்க் நகரத்துச் செல்வரின் மீதா? அலாஸ்காவின் பனிக்கிராமங்களிலும் ஆதிக்குடிகளின் ஒதுக்கிடங்களிலும், வேறு நிலையமே எட்டாத ஊர்களிலும் வாழ்வோர் மீது. மையத்தில் வெட்டினால் விளிம்பில்தான் இரத்தம் வரும். கொழும்பிலே வெட்டினால் அது எங்கே வழியும் என்று நாம் சொல்ல வேண்டுமா?

வெட்டுவோர் எடுத்த எடுப்பில் மூடமாட்டார்கள் என்பதையும் நாம் அறிவோம். முதலிலே ஓய்வு பெற்ற தமிழ் அறிவிப்பாளரின் இடம் நிரப்பப்படாது. பின்னர் பிராந்தியச் செய்தியாளருக்குப் பயணச் செலவு நிற்கும். பின்னர் தயாரித்த நிகழ்ச்சிக்குப் பதிலாகச் சினிமாப் பாட்டு ஓடும். இறுதியிலே, “இதை யார் கேட்கிறார்கள்?” என்று கணக்கெடுப்பார்கள். எஸ். பி. மயில்வாகனனும், கே. எஸ். ராஜாவும், இராஜேஸ்வரி சண்முகமும், பி. எச். அப்துல் ஹமீதும் பேசிய வானொலி இது. கடல் கடந்து தமிழகமே காது கொடுத்த வானொலி இது. கேட்பாரற்று அது போகவில்லை. கேட்பதற்குரியதை அதிலிருந்து சிறிது சிறிதாக எடுத்துவிட்டால் எவன் கேட்பான்?

ஆகவே நம் பாராளுமன்றப் பிரதிநிதிகளை நோக்கி நாம் உரைக்கிறோம். ஊவா மாகாண சபை 2019இல் காலாவதியாயிற்று. அதன் பின்னர் அதற்குத் தேர்தல் நடந்ததில்லை. நமக்கென்று பேசக் கொழும்பிலே இருப்போர் நீங்களே: பதுளை மாவட்டத்திலிருந்து ஒன்பதுபேர், மொனராகலையிலிருந்து ஆறுபேர். நீங்கள் எக்கட்சியினராயினும் சரி, எம்மொழியினராயினும் சரி, நம்முடைய கோரிக்கை நான்கு.

ஒன்று: வெகுசன ஊடக அமைச்சின் செலவினத் தலைப்புக் குழுநிலையில் வரும்போது, பொது ஒலிபரப்புக்கான திறைசேரி ஒதுக்கீட்டைக் குறைக்கும் எந்த யோசனைக்கும் கை உயர்த்தாதீர்கள்.

இரண்டு: அந்த ஒதுக்கீட்டிலே தமிழ்ச் சேவைக்கும் மலைநாட்டுச் செய்திக்கும் உரிய பங்கைப் பிரித்து, வேறு செலவுக்குத் திருப்ப முடியாதவாறு எழுதச் செய்யுங்கள். பதுளையிலே முழுநேரத் தமிழ்ச் செய்தியாளர் வேண்டும். மண்சரிவு எச்சரிக்கை சிங்களத்தில் வரும் அதே நிமிடத்தில் தமிழிலும் வர வேண்டும். இது சலுகையன்று. தமிழும் அரசகரும மொழி என்று 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தமே கூறுகிறது.

மூன்று: சபையை நியமிக்கும் அதிகாரத்தை அமைச்சர் கையிலிருந்து எடுத்து, பாராளுமன்றத்துக்குப் பொறுப்புக் கூறும் சுதந்திரச் சபையிடம் ஒப்படைக்கச் சட்டத்தைத் திருத்துங்கள். பணமும் வேண்டும், சுதந்திரமும் வேண்டும். பணமில்லாச் சுதந்திரம் பட்டினி. சுதந்திரமில்லாப் பணம் கைக்கூலி.

நான்கு: ஊவாவைப் பற்றித் தமிழிலே எத்தனை மணி நேரம் ஒலிபரப்பினார்கள், எவ்வளவு செலவிட்டார்கள் என்று ஆண்டுதோறும் பாராளுமன்றத்துக்குக் கணக்குக் காட்டச் செய்யுங்கள். வீண்செலவை வெறுப்போர் நாமே. கணக்கைக் கண்டு அஞ்சுவோர் நாமல்லோம்.

வாசகர்களே, உங்களுக்கும் கடமை உண்டு. உங்கள் தொகுதியிலே வாக்குக் கேட்டு வந்தவரின் முகவரி உங்களுக்குத் தெரியும். ஆசிரியர் சங்கங்கள் எழுதட்டும். மருத்துவரும் சட்டத்தரணிகளும் எழுதட்டும். விவசாய அமைப்புகள் எழுதட்டும். கோயிற் சபைகளும் தோட்டத் தலைவர்மாரும் ஒப்பமிட்டு அனுப்பட்டும். ஒரு கடிதத்தைக் குப்பைத் தொட்டியில் போடலாம். ஓராயிரம் கடிதத்துக்குத் தொட்டி போதாது. ‘இது வானொலிக்காரரின் தொழிற் பிரச்சினை’ என்று எண்ணி வாளாவிருப்போமாயின், அடுத்த மழைக்காலத்தில் அது நம் உயிர்ப் பிரச்சினையாகும்.

மழை வரும், மலையும் சரியும், அவற்றைத் தடுக்க எந்தப் பாராளுமன்றத்தாலும் இயலாது. ஆனால் அந்த இரவிலே லயத்தின் இருளுக்குள் ஒரு தமிழ்க் குரல் கேட்குமா, கேட்காதா என்பதைப் பாராளுமன்றமே தீர்மானிக்கிறது. பகலிலே, மின்விளக்கின் கீழே, கையை உயர்த்தித் தீர்மானிக்கிறது. அந்தக் கை எப்பக்கம் உயர்ந்ததென்று ஊவா மக்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.